அப்புறம் என்ன ஆச்சு?

தமிழ் சினிமாவில் ஒரு பெண்ணுக்கு ஃப்ளாஷ்பேக் வேண்டுமென்றால் அவள் முதலில் செத்துப்போக வேண்டும். இதைச் சொன்னது நானில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாருக்கும் மூத்த அக்கா சொன்னார். சொல்லிவிட்டு விரல்விட்டு எண்ணவும் செய்தார். 2005இல் ‘சந்திரமுகி’: எரித்துக் கொல்லப்பட்ட நடனக்காரிக்கு ஃப்ளாஷ்பேக். 2011இல் ‘காஞ்சனா’: கொல்லப்பட்ட திருநங்கைக்கு ஃப்ளாஷ்பேக். 2014இல் ‘அரண்மனை’: அங்கேயும் பேயாக வந்த பிறகுதான் அவளுக்கு என்ன நடந்தது என்று யாரோ கேட்கிறார்கள். ஆண்களுக்கு அப்படியொரு நிபந்தனை கிடையாது. 1995இல் ‘பாட்ஷா’வின் ஆட்டோ ஓட்டுநர் மாணிக்கம் உயிரோடு, திடகாத்திரமாக நிற்கும்போதே அவருக்குப் பம்பாயில் ஒரு முழு வாழ்க்கை திறக்கிறது. 2005இல் ‘அந்நியன்’ அம்பிக்குப் பிள்ளைப்பருவ ஃப்ளாஷ்பேக்கே உண்டு. அதில் மழைநீரில் மின்சாரம் பாய்ந்து சாவது அவனுடைய குட்டித் தங்கை. அண்ணனுக்கு ஒரு கடந்தகாலம் கிடைப்பதற்காகத் தங்கை உயிரைக் கொடுக்கிறாள்.

எங்களில் இளையவள், கல்லூரி மாணவி, உடனே மறுத்தாள்.

“‘96’ ஜானு?”

“அது ராமோட ஃப்ளாஷ்பேக். ஜானு அதுல விருந்தாளி.”

“அப்போ ‘அவள் அப்படித்தான்’?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். 1978இல் ருத்ரய்யா எடுத்த அந்தப் படத்தில் ஸ்ரீப்ரியா நடித்த மஞ்சு உயிரோடிருக்கிறாள். தன் பிள்ளைப்பருவத்தையும் பழைய உறவுகளையும் தன் வாயாலேயே சொல்கிறாள். “இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா எல்லாத்தையும் சொல்லி முடிச்ச பிறகு அவளுக்குக் கிடைச்ச பதில் என்ன? படத்தோட தலைப்புதான்.”

இந்தப் பேச்சையெல்லாம் கிளப்பிவிட்டது ஓர் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடர். 2022 கோடையில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நான்காவது சீசன் வந்தபோது அதை ஐந்து பெண்கள் சேர்ந்து பார்க்கத் தொடங்கினோம். இடம், மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அக்காவின் வீடு. ஒருத்தி அடையாறு காந்தி நகரிலிருந்து 29சி பிடித்து லஸ்ஸில் இறங்கி நடந்து வருவாள். இன்னொருத்தி தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் இருப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் பாதி நாள்தான் விடுப்பு. பாண்டி பஜார் நெரிசலைத் திட்டிக்கொண்டே தாமதமாக வந்து சேர்வாள். கல்லூரிப் பெண் அக்காவின் அண்ணன் மகள். அவள்தான் எங்களுக்கு இந்தத் தொடரை அறிமுகம் செய்தவள். ஐந்தாவது ஆள் நான். இருபத்தொன்றிலிருந்து அறுபத்திமூன்று வரை வயது. புதிய சீசன் பார்க்கும் முன் பழையதையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட விதி. அதனால் முதல் மூன்று சீசன்களையும் வரிசையாகப் பார்த்தோம். பார்த்த நேரத்தைவிடப் பேசிய நேரம் அதிகம்.

எங்களுக்கு இந்த மாதிரிக் கதைகள் புதிதில்லை. எங்களில் மூன்று பேர் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைத் தூர்தர்ஷனில் பார்த்தவர்கள். அந்தத் தொடரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். கதாநாயகி நிலா பிறகுதான் வருவாள். சில வருடங்கள் கழித்து சன் டிவியில் ‘மர்மதேசம்’ வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கியது. அதில் ‘விடாது கருப்பு’ கதை, ராஜேந்திரன் என்ற சிறுவனின் பிள்ளைப்பருவத்துக்கும் இன்றைக்கும் மாறி மாறித் தாவும். அந்தக் குதிரைக் குளம்படிச் சத்தத்துக்குப் பயந்து போர்வைக்குள் புகுந்துகொண்ட தலைமுறை நாங்கள். ஒரு பிள்ளையின் மனதில் விழுந்த அடி எத்தனை வருடம் கழித்து எந்த உருவத்தில் எழுந்து நிற்கும் என்பதை எங்களுக்கு முதலில் காட்டிய தொலைக்காட்சித் தொடர் அதுதான். ஆனால் அங்கேயும் அது ஒரு பையனின் மனது.

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ 2016 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கியது. எழுதி உருவாக்கியவர்கள் டஃபர் சகோதரர்கள். கதை 1983இல், ஹாக்கின்ஸ் என்ற கற்பனையான சிற்றூரில் ஆரம்பிக்கிறது. ஒரு பையன் காணாமல் போகிறான். அவனைத் தேடிக் காட்டுக்குள் போகும் மூன்று சிறுவர்கள் கையில் ஒரு சிறுமி கிடைக்கிறாள். மொட்டைத் தலை, மணிக்கட்டில் 011 என்ற பச்சை. பெயர் கேட்டால் அந்த எண்ணைத்தான் காட்டுகிறாள். எலெவன். நினைத்தாலே பொருட்களை அசைக்கக்கூடியவள். மூக்கிலிருந்து ரத்தம் வழியும், துடைத்துக்கொள்வாள். ஊருக்குப் பக்கத்திலிருக்கும் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் அவளை வளர்த்தவர் டாக்டர் ப்ரென்னர். அவரை அவள் ‘பாப்பா’ என்று அழைக்கிறாள். நம் ஊரில் அது குழந்தையைக் கூப்பிடும் சொல். அவள் வாயில் அது அப்பா. முதல் நாள் அக்காவுக்கு அது சிரிப்பாக இருந்தது. மூன்றாவது நாள் சிரிக்கவில்லை.

முதல் சீசனின் ஃப்ளாஷ்பேக்குகள் சின்னச் சின்னத் துண்டுகள். எலெவன் எதையாவது பார்ப்பாள், சட்டென்று ஆய்வுக்கூடம் வரும். குளிர்பான விளம்பரத்தைப் பார்த்தால், மேசைமேல் வைத்த டின்னை மனதால் நசுக்கச் சொன்ன நாள். பூனையைப் பார்த்தால், கூண்டுக்குள் இருந்த பூனையைக் காயப்படுத்தச் சொன்ன நாள். அவள் மாட்டேன் என்கிறாள். காவலர்கள் அவளை இருட்டறைக்கு இழுத்துப் போகிறார்கள். அவள் ‘பாப்பா, பாப்பா’ என்று கதறுகிறாள், அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அறைக்குள் தள்ளும் நேரத்தில் அவளுடைய சக்தி வெடித்து இரண்டு காவலர்களும் செத்து விழுகிறார்கள். அப்போதுதான் ப்ரென்னர் உள்ளே வருகிறார். பயத்தில் சுருண்டு கிடப்பவளைப் பூரிப்போடு தூக்கிக்கொள்கிறார்.

எங்கள் கூட்டத்தில் முதல் சண்டை இங்கேதான். இந்தத் துண்டுகள் கதையை இழுக்கின்றன, ஓட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று கணக்குப் பிரிவுத் தோழி சொன்னாள். அவள் வீட்டில் கணவரும் மகனும் அப்படித்தான் பார்த்தார்களாம். அரக்கன் வரும் இடம், சைக்கிளில் துரத்தும் இடம், அதுதான் கதை. நடுவில் அந்தப் பெண் எதையாவது நினைத்துக்கொண்டால் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளிவிடுவார்களாம். கல்லூரிப் பெண் ரிமோட்டைக் கொடுக்கவில்லை. “அத்தை, அரக்கன் ஏன் வந்துச்சுன்னு அந்த ஃப்ளாஷ்பேக்லதான் இருக்கு” என்றாள். அது உண்மை. ஆய்வுக்கூடத்தில் பெரியவர்கள் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, எதிரி நாட்டு ஆளை உளவு பார்க்கச் சொல்கிறார்கள். அந்த வேலையில்தான் அவள் மனது வேறோர் உலகத்தைத் தொடுகிறது, சுவர் பிளக்கிறது, அரக்கன் நுழைகிறான். கேட்டவர்கள் பெரியவர்கள். ஆனால் முதல் சீசனில் அந்தச் சிறுமி மைக் என்ற பையனிடம் சொல்வது வேறு. வாசலைத் திறந்தது நான், அரக்கன் நான்தான் என்கிறாள். இதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் தொடரில் மிச்சம் இருப்பது ஒரு துரத்தல் மட்டும்தான்.

இரண்டாவது சீசனில் அவளுடைய அம்மா வருகிறாள். டெர்ரி ஐவ்ஸ். ஓர் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கோ பார்த்தபடி, சம்பந்தமில்லாத சில சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூச்சு, சூரியகாந்தி, வானவில், வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் நான்கு, நானூற்றைம்பது. புத்தி பேதலித்துவிட்டது என்று கூடவே இருக்கும் சகோதரியே நம்புகிறாள். எலெவன் கண்ணைக் கட்டிக்கொண்டு அம்மாவின் நினைவுக்குள் இறங்கும்போதுதான் விளங்குகிறது, ஒவ்வொரு சொல்லும் ஒரு சாட்சி. பிரசவ அறையில் கண்ட பூ. குழந்தையைப் பறித்துக்கொண்டு, கர்ப்பம் கலைந்துவிட்டது என்று சொன்னது. பெட்டகத்தைத் திறக்கத் திருகிய எண்கள், அதிலிருந்து எடுத்த துப்பாக்கி. மகளைத் தேடிப்போய்க் கண்ட வானவில் வரைந்த அறை. கடைசியில் அவள் வாயை அடைக்க மூளைக்குப் பாய்ச்சிய 450 வோல்ட் மின்சாரம்.

அன்றைக்கு யாரும் உடனே அடுத்த பகுதியைப் போடச் சொல்லவில்லை. அடையாறுத் தோழி தன் பாட்டியைப் பற்றிப் பேசினாள். கடைசி வருடங்களில் பாட்டி ஒரு பித்தளைக் குடத்தைப் பற்றியும் ஒரு வில்வண்டியைப் பற்றியும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாராம். “பாட்டி புலம்ப ஆரம்பிச்சுட்டா” என்பார்களாம் வீட்டில். புலம்பல் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஒரு பெண் தன் கதையை இரண்டாவது முறை சொன்னால் அது புலம்பல். ஆண் இரண்டாவது முறை சொன்னால் அனுபவம். தமிழ்ப் பெண்கள் தங்கள் ஃப்ளாஷ்பேக்கை எல்லார் காதிலும் விழும்படி சொல்ல நெடுங்காலமாக இருந்த ஓரிடம் ஒப்பாரி. செத்தவருக்காக அழுவதுபோல் அழுது, பிறந்த வீட்டில் பட்டதும் புகுந்த வீட்டில் பட்டதும் அதில் கொட்டப்படும். அதற்கும் யாராவது சாக வேண்டியிருந்தது.

டெர்ரியின் கதைக்குப் பின்னால் ஒரு நிஜம் இருக்கிறது. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. 1953இல் எம்.கே.அல்ட்ரா என்ற திட்டத்தைத் தொடங்கி, மனிதர்களின் மனதைக் கட்டுப்படுத்தும் வழிகளை, பலரிடம் அவர்களுக்கே தெரியாமல், எல்.எஸ்.டி. போன்ற மருந்துகள் கொடுத்துச் சோதித்தது. 1973இல் அதன் தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் அந்தக் கோப்புகளை அழிக்கச் சொன்னார். விஷயம் 1975இல் செனட் விசாரணையில் வெளியே வந்தது. 1977இல், அழிக்கத் தவறிய சுமார் 20,000 தாள்கள் கிடைத்தன. கோப்பை எரித்துவிட்டால் மிச்சம் இருப்பது பாதிக்கப்பட்டவரின் ஞாபகம் மட்டும். அதையும் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமில்லை, குடும்பங்களுக்கும் இந்த வேலை நன்றாகத் தெரியும். குடும்பத்தில் கோப்பே கிடையாது என்பதால் எரிக்கும் சிரமமும் இல்லை.

நான்காவது சீசன் 2022 மே 27 அன்று வந்தது. முதல் காட்சியே 1979. ஆய்வுக்கூடத்தில் குழந்தைகள் செத்துக் கிடக்கிறார்கள். நடுவில் சிறுமி எலெவன், கண்ணிலிருந்து ரத்தம் வழிய நிற்கிறாள். ப்ரென்னர் அவளைப் பார்த்துக் கேட்கிறார், என்ன செய்துவிட்டாய் என்று. அவ்வளவுதான், காட்சி முடிந்துவிடுகிறது. பார்க்கிற நாமும் அவள்தான் செய்தாள் என்று நம்பிக்கொண்டு ஏழு பகுதிகள் பார்க்கிறோம். அவளும் அப்படித்தான் நம்புகிறாள். சக்தி போய்விட்ட அந்தப் பெண்ணைப் பாலைவனத்தில் நிலத்தடியில் ஒரு தொட்டிக்குள் இறக்கி, பழைய நினைவுகளைத் திரும்ப வாழவைக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்த நாள் முழுதாகக் கண்ணில் தெரிகிறது. கொன்றது அவளில்லை. 001 என்ற எண் கொண்டவன். ஆய்வுக்கூடத்தில் பணியாளாக வெள்ளை உடையில் இருந்தவன், அவளிடம் அன்பாகப் பேசிய ஒரே ஆள். அவனைத் தடுத்து நிறுத்தியதுதான் அவள் செய்தது.

ஆனால் இந்தத் தொடர் ஒரு விஷயத்தை மறைக்கவில்லை. அவன் கழுத்தில் அவனுடைய சக்தியை அடக்கி வைத்த ஒரு சில்லு இருந்தது. அதை எடுத்துவிட்டவள் அவள்தான். நீ மற்றவர்கள் மாதிரியில்லை, நீயும் நானும் ஒன்று என்று அவன் சொன்னதை நம்பி, அவனுக்கு உதவி என்று நினைத்து எடுத்தாள். கல்லூரிப் பெண், “அப்போ அவளுக்கும் கொஞ்சம் பங்கு இருக்குல்ல?” என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கதையின் தர்க்கத்தைத்தான் கேட்டாள். பதில் சொல்ல எங்களில் ஒருவர் வாயெடுத்தார். கதையைப் பற்றிச் சொல்லவில்லை.

யார் என்று சொல்லப்போவதில்லை. எழுதலாம் என்று சொன்னார், அடையாளம் தெரியாமல் எழுது என்றும் சொன்னார். அப்போது அவருக்கு ஒன்பது வயது. மாடிப்படி ஏறிப் போகும் ஒரு வீட்டில் பாட்டு வகுப்பு. மற்றப் பிள்ளைகள் போன பிறகும் இவரை மட்டும் இருக்கச் சொல்வார் வாத்தியார். உனக்குத்தான் ஞானம் இருக்கிறது, மற்றதெல்லாம் சும்மா கத்துகிறதுகள் என்பார். அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை இவரே கேட்டு வாங்கிக்கொண்டார். “நானே கேட்டு வாங்கிண்டேன்” என்பதை மூன்று முறை சொன்னார். நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்தச் சம்பவத்தில் அவருக்கு நினைவிருந்த முதல் வாக்கியம் அதுதான். வாத்தியார் என்ன செய்தார் என்பது அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் தெளிவில்லாமல்.

சில மாதங்களில் வகுப்பு நின்றுபோனது. காரணம் அம்மா சொன்னது: “இவளுக்குக் குரல் இல்லை. பணம் தண்டம்.” சொந்தக்காரர்களிடமும் அப்படியே சொன்னார். வீட்டில் யார் பாடினாலும் இவர் வாய்திறக்க மாட்டார். மார்கழியில் சபாக்களுக்குப் போவார், கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பார், தனியாக இருக்கும்போதுகூட முணுமுணுக்க மாட்டார். குரல் இல்லாத பெண் என்பது அவருடைய ஜாதகத்தில் எழுதியது மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் எண்பத்தியொரு வயது அம்மாவிடம் நேராகக் கேட்டார். பாட்டு க்ளாஸை ஏன் நிறுத்தினாய்? அம்மா முதலில் பழைய பதிலையே சொன்னார். திரும்பவும் கேட்டதும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாராம்: “ஒருநாள் நீ திரும்பி வந்தப்போ உன் முகம் நன்னாயில்லே. அப்பாகிட்டச் சொன்னா கொலை விழும், இல்லேன்னா உன்னைத்தான் திட்டுவார். வேற எதைச் சொல்லி நிறுத்தறது?” அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. காப்பாற்றியும் இருக்கிறார். காப்பாற்றுவதற்கு அவர் கையில் இருந்த ஒரே பொய், மகளின் குரலைத் தின்றது.

இதைக் கேட்டபோது எங்களில் யாருக்கும் அந்த அம்மாவைத் திட்டவும் வரவில்லை, கும்பிடவும் வரவில்லை. நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14 அன்று. இப்படியொரு குற்றத்துக்குக் குழந்தையை மனதில் வைத்து ஒரு தனிச்சட்டம் எழுதவே இந்தியாவுக்கு அவ்வளவு காலம் ஆனது. 2007இல் ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒருவகைப் பாலியல் சீண்டலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பாதிக்கு மேல். ஒரு வகுப்பறையில், ஒரு பாட்டு வகுப்பில், ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டில் ஒரு பிள்ளை. அத்தனை வீடுகளிலும் எத்தனை விதமான ‘குரல் இல்லை’ சொல்லப்பட்டிருக்கும்?

‘ஏன் இவ்ளோ வருஷம் கழிச்சு?’ இந்த நகரத்துக்கு மிகவும் பழக்கமான கேள்வி. 2018 அக்டோபரில் பாடகி சின்மயி பேசியபோது கேட்டார்கள். அதே மாதத்தில் கர்நாடக இசை உலகின் பெண்களும் பேசினார்கள், ம்யூசிக் அகாடமி அந்த வருட மார்கழி சீசனிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது. அப்போதும் மாடவீதிகளில் பலர் கேட்டது இதைத்தான். 2021 மே மாதம் சென்னையின் பெரிய பள்ளி ஒன்றின் ஆசிரியரைப் பற்றி முன்னாள் மாணவிகள் இன்ஸ்டாகிராமில் எழுதினார்கள். தொடர்ந்து வேறு பள்ளிகளின் பழைய மாணவிகளும் எழுதினார்கள். 2023இல் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் மாணவிகள் மரத்தடியில் உட்கார்ந்து போராடினார்கள். ஆசிரியர் ஒருவர் கைதானது ஒரு முன்னாள் மாணவி கொடுத்த புகாரில். ஒவ்வொரு முறையும் பேசுகிறவள் என்ன சொன்னாள் என்பதைவிட, எப்போது சொன்னாள் என்பதையே ஊர் விசாரித்தது.

சட்டம்கூட ஊரைவிடப் பரவாயில்லை. போக்சோவில் புகார் கொடுக்கக் காலவரம்பு கிடையாது, பாதிக்கப்பட்டவர் எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று 2018 அக்டோபரில் ஒன்றிய அமைச்சகம் தெளிவுபடுத்தியது. பிள்ளைக்கு அப்போது சொல் இல்லை. சொல் வந்தபோது தைரியம் இல்லை. தைரியம் வந்தபோது கேட்க ஆளில்லை. எல்லாம் ஒன்றாகச் சேர எத்தனை வருடம் ஆகும் என்று யார் கணக்குச் சொல்ல முடியும்? கதையில் மூன்று சீசன்கள் முடிந்து நான்காவதில்தான் எலெவனுக்கு அந்த நாள் முழுதாகத் திரும்பி வருகிறது. ரசிகர்கள் யாரும் அவளிடம் போய், இதை முதல் சீசனிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

இன்னொரு சண்டையும் நடந்தது. அது இன்றுவரை தீரவில்லை. ஜூலை 1 அன்று வந்த கடைசி இரண்டு பகுதிகளில் ஒன்றில் ப்ரென்னர் குண்டடிபட்டுப் பாலைவன மணலில் கிடக்கிறார். சாகும் நேரம். எல்லாம் உனக்காகத்தான் செய்தேன், அதை நீ புரிந்துகொண்டாய் என்று ஒரு வார்த்தை சொல் என்று கெஞ்சுகிறார். இதே ஆள்தான் சில மணி நேரத்துக்கு முன் அவள் கழுத்தில் மின்சாரப் பட்டை மாட்டியவர். நினைவுத் தொட்டிக்கு அழைத்துவந்து உண்மையைப் பார்க்கவைத்தவரும் அவரேதான். அவள் அழுகிறாள். அவர் கேட்ட வார்த்தையைத் தரவில்லை. போய்வருகிறேன் பாப்பா என்று மட்டும் சொல்கிறாள்.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. “வளர்த்தவர்தானே. சாகப்போற மனுஷனுக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுபோயிடும்?” என்றார். குருவுக்கு எதிராக நாக்கு எழக்கூடாது என்று சொல்லிக்கொடுத்து வளர்க்கப்பட்ட தலைமுறை அவருடையது. அடையாறுத் தோழி இரண்டாம் சீசனில் வரும் 008ஐ நினைவுபடுத்தினாள். அந்தப் பெண்ணுக்குக் காளி என்று பெயர். தங்களைச் சித்திரவதை செய்தவர்களைத் தேடிப்போய்க் கொல்வதுதான் அவள் வழி. எலெவன் அந்த வழியிலும் போகவில்லை. அம்மாவுக்கு மின்சாரம் பாய்ச்சியவனைக் கண்டுபிடித்த பிறகும், அவனுக்குப் பெண் குழந்தைகள் இருப்பதைப் பார்த்து விட்டுவிட்டாள். “கொல்லவும் இல்ல, மன்னிக்கவும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்குன்னு நமக்கு யாருமே சொல்லித் தரலியே” என்றாள் தோழி. கணக்குப் பிரிவுத் தோழி தன் பாணியில் சொன்னாள்: “கணக்கை முடிக்கிறதுக்கு வரவு செலவு ரெண்டும் சமமா இருக்கணும்னு இல்ல. பாக்கி இவ்ளோன்னு எழுதிட்டும் புத்தகத்தை மூடலாம்.”

பாட்டு வகுப்புக்குப் போனவர் அன்றைக்கு இந்த வாக்குவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. அந்த வாத்தியார் இறந்து வெகு காலமாகிவிட்டது. கேட்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. அவருக்கு முன்னால் இருப்பது ஓர் அம்மா. அந்த அம்மாவோடு இப்போது சில நாட்கள் சண்டை போடுகிறார், சில நாட்கள் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார். பாடத் தொடங்கிவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. ஐம்பது தாண்டிய பிறகு தொண்டை அப்படியெல்லாம் திறந்துவிடாது. ஆனால் ‘எனக்குக் குரல் இல்லை’ என்று சொல்வதை நிறுத்திவிட்டார். ‘என்னைப் பாடவிடலை’ என்கிறார். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் நாற்பது வருடம் இருக்கிறது.

நாங்கள் உளவியல் படித்தவர்களில்லை. ஞாயிறு மதியத்தில் மின்விசிறிக்கடியில் முறுக்கு தின்றுகொண்டு தொடர் பார்த்தவர்கள். ஒரு கூட்டம் ரசிகர்கள் செய்வதைத்தான் செய்தோம். ரசிகர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு காட்சியைப் பத்துமுறை பேசச் சொன்னாலும் சலிக்காது. இந்த இடத்தில் அவள் ஏன் அப்படிப் பார்த்தாள், அந்தக் கதவு ஏன் திறந்திருந்தது, போன சீசனில் சொன்னதற்கும் இதற்கும் பொருந்துகிறதா என்று ஒரு கற்பனைப் பெண்ணின் பிள்ளைப்பருவத்தை நுணுக்கி நுணுக்கி ஆராய்வார்கள். அவள் சொன்னதில் முன்னுக்குப் பின் முரண் இருந்தால், பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டமாட்டார்கள். இன்னும் நமக்குக் காட்டாத ஏதோ இருக்கிறது என்று அடுத்த பகுதிக்குக் காத்திருப்பார்கள். திரும்பச் சொன்னால் புலம்பல் என்று சொல்லமாட்டார்கள். தாமதமாகச் சொன்னால் சந்தேகப்படமாட்டார்கள்.

எலெவன் மாதிரி ஒரு பெண்ணுக்கு உலகம் முழுக்கத் தாராளமாகக் கொடுத்த இந்தப் பொறுமையில் காற்பங்கை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கொடுக்க முடியாதா? அவள் சாகும்வரை, பேயாக வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏன் இவ்வளவு நாள் கழித்து என்று கேட்காமல், கதை கேட்கிற எந்தக் குழந்தையும் கேட்கிற கேள்வியைக் கேட்டால் போதும்.

அப்புறம் என்ன ஆச்சு?